தப்பில்லாத பத்திரம்

அத்தியாயம் ஆறு

காலை பத்து மணி பதினோரு நிமிடத்துக்கு, எங்கள் கட்சிக்காரர் பெயரில், என் முதலாளியின் வீட்டுக்கு உரிமை கோரினேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்வதற்கெல்லாம் ஒரு தகுதி வேண்டும். ஒரே தாளில் இரண்டு சொத்து எண்கள் இருந்தன. மேலே இருந்தது சலவைக்கடை அக்காவின் வீடு. கீழே இருந்தது, வரி கட்ட மறக்காமல் இருக்க என் முதலாளி கிறுக்கி வைத்திருந்த அவர் வீடு. நான் கீழே இருந்ததைத் தட்டினேன். பிறகு 'ஆட்சேபம்' என்பதை அமுக்க வேண்டிய விரல் 'உரிமை கோரல்' என்பதை அமுக்கியது. இரண்டு பொத்தானும் ஒரே பச்சை என்பது என் தரப்பு வாதம். கணினி வாதம் கேட்கவில்லை. நான் இணைத்திருந்த அக்காவின் பத்திரமே அதற்குப் போதுமாக இருந்தது. 'தங்கள் கோரிக்கை பதிவானது. தொண்ணூறு நாட்களுக்குள் எவரும் மறுக்காவிட்டால் சொத்து தங்களுடையது. வாழ்த்துகள்' என்று பூங்கொத்துப் படத்தோடு சொன்னது.

முதலாளி என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். துப்பறியும் நிறுவனத்தின் உரிமையாளர், தலைமைத் துப்பறிவாளர், சாயங்காலம் கதவைப் பூட்டுகிறவர், எல்லாம் அவரே. இந்த வேலை எனக்குத் திறமையால் கிடைத்தது. என் மனைவி அண்ணன் முன்னால் அழும் திறமை. தங்கை புருஷன் என்பதால் அவர் என்னை ஒருமையில் திட்ட முடியாது. மரியாதையோடுதான் திட்டுவார். பன்னிரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அது ஒருமையைவிட ஆழமாக இறங்கும்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் விளக்குங்க. இப்ப என் வீடு யாருது?"

"உங்களுதுதான் மச்சான். தொண்ணூறு நாளைக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் அக்காவுது. ஆனா அவங்க நல்லவங்க. உங்களக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."

எதிரே உட்கார்ந்திருந்த சலவைக்கடை அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நீராவி இஸ்திரிப்பெட்டி பிடித்துப் பிடித்து வலது முன்கை மட்டும் சிவந்து காய்ந்திருந்தது. கீழே கடை, மேலே குடித்தனம் என்று அவருக்கு இருந்தது ஒரே வீடு. அதுவும் இன்று மாலை நான்கு மணி வரைக்கும்தான்.

புதிய நிலச் சட்டம் வந்து ஒரு வருடமாகிறது. அதற்கு முன்னால் அடுத்தவன் வீட்டைப் பிடுங்க வேண்டுமென்றால் வழக்கு, வக்கீல், இருபது வருடம், அதற்கேற்ற ஆயுள் எல்லாம் தேவைப்பட்டன. மக்கள் சிரமப்படுகிறார்கள் என்று அதை எளிமையாக்கிவிட்டார்கள். ஒருவர் பத்திரத்தைக் காட்டி உரிமை கோரலாம். சொத்துக்காரருக்கு நோட்டீஸ் போகும். தொண்ணூறு நாளில் ஆட்சேபம் வராவிட்டால் பதிவேடு மாறிவிடும். மாறிய பிறகு எந்த நீதிமன்றமும் ஏன் என்று கேட்க முடியாது. அக்காவின் வீட்டை ஒரு கட்டடக் கம்பெனி கோரியிருந்தது. அக்காவின் காலஞ்சென்ற அப்பா பத்தொன்பது வருடத்துக்கு முன்பே யாருக்கோ விற்றுவிட்டதாகவும், அந்த யாரோவிடமிருந்து தாங்கள் வாங்கியதாகவும் சொல்லி, ஒரு பழைய பத்திரத்தை நீட்டியிருந்தது. இன்று தொண்ணூறாவது நாள்.

கணினியில் ஆட்சேபமோ உரிமை கோரலோ, எதுவானாலும் ஒருவருக்கு வருடத்தில் ஒரே வாய்ப்பு. அக்காவின் வாய்ப்பைத்தான் மச்சானின் வீட்டில் நான் செலவழித்துவிட்டேன்.

"நேர்ல போய்க் குடுக்கலாம்," என்றார் அக்காவின் பக்கத்தில் இருந்தவர். அவருடைய தம்பி. கட்டடங்களுக்குப் பிளான் போடுகிறவர். சட்டைப் பையில் மூன்று பேனா, நகத்தில் மை, பேச்சில் பணிவு. "ஆனா நேர்ல குடுத்தா ஆதாரம் கேப்பாங்க சார். எங்ககிட்ட என்ன இருக்கு? விடுக்கா, நடக்கறது நடக்கட்டும். எதுவானாலும் நான் இருக்கேன்ல."

இப்படி ஒரு தம்பி எனக்கு இல்லையே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்குத் தொண்டை சீக்கிரம் அடைக்கும்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன்," என்றேன். "நோட்டீஸ் வந்து மூணு மாசமாச்சு. ஏன் கடைசி நாள்ல வந்தீங்க?"

"கடையில வேலை சார்," என்று சொல்லிவிட்டு அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். தேடிய பொருள் கிடைக்கவுமில்லை, என்னவென்று எனக்குத் தெரியவுமில்லை.

*

பதிவு அலுவலகத்தில் மூன்றாம் எண் கவுண்டர். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு எழுத்தர், கண்ணாடிக்கு முன்னால் நாங்கள் நால்வர், நடுவில் உள்ளங்கை நுழையும் அளவு ஓட்டை. நீதி அதன் வழியாகத்தான் வர வேண்டும்.

"நேர்ல ஆட்சேபம் வாங்குவீங்களா?" என்று கேட்டேன்.

"வாங்கக்கூடாதுன்னு இல்ல."

"அப்ப வாங்குவீங்க?"

"வாங்குவோம்னு சொல்லிட முடியாது."

"என்ன ஆதாரம் வேணும்?"

அவர் ஒரு விதியைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கே தெரிகிற முரண் ஒன்று இருக்க வேண்டும். சாட்சி, கண்ணீர், நியாயம் ஆகியவை ஏற்கப்படமாட்டா. கடைசி வரி நான் சேர்த்தது. அவர் முகபாவத்தில் இருந்தது.

"அந்த வருஷத்துப் பதிவுப் புத்தகத்தைப் பார்க்கலாமா?" என்று மச்சான் கேட்டார்.

"குழாய் உடைஞ்சு நனைஞ்சுபோச்சு."

"எல்லா வருஷமுமா?"

"அந்த அலமாரி மட்டும்."

"குழாய்க்கு நல்ல ரசனை," என்றார் மச்சான்.

கம்பெனி கொடுத்த பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். மச்சான் துப்பறிகிறபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் தாள் நன்றாகத் தெரியும் என்பார். கண் டாக்டர் வேறு மாதிரி சொன்னார்.

பத்திரம் சுத்தமாக இருந்தது. பழைய முத்திரைத்தாள். அப்பாவின் கையெழுத்து அப்பாவின் கையெழுத்து போலவே இருந்தது. சாட்சிகள் இருவரும் இறந்து, விசாரணைக்கு முழு ஒத்துழைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்திரம் எழுதினவர் பேர் போட்டிருக்கு," என்றேன். "அவரும் காலமாயிட்டார்னு தெரியுது. எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி போயிருக்காங்க மச்சான்."

"எழுதினவர் போவார் மாப்பிள்ளை. மேஜை போகாது. எந்திரிங்க."

*

அலுவலக மதிலை ஒட்டித் தகரக் கொட்டகை. வரிசையாகப் பத்திர எழுத்தர்களின் மேஜைகள். கடைசி மேஜையில், கம்பெனிப் பத்திரத்தில் பேர் போட்டிருந்த எழுத்தரின் மகள் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் மேஜை, அப்பாவின் நாற்காலி, கணினி மட்டும் சொந்தம். மணி ஒன்றே முக்கால்.

எனக்கு அவர்மேல் உடனே சந்தேகம் வந்துவிட்டது. அப்பாவின் பழைய முத்திரைத்தாள் மகளிடம்தானே இருக்கும். மச்சானின் காதில் சொன்னேன். "மெதுவா சொல்றதா நெனச்சு சத்தமா சொல்றீங்க," என்றார் அந்த அம்மாள். "பழைய தாள் இந்த வரிசையில எந்த மேஜையிலயும் கெடைக்கும். எங்க மேஜையில சந்தேகம் கெடைக்காது. பத்திரத்தைக் குடுங்க."

வாங்கிப் படித்தார். முதல் பக்கம் அமைதியாகப் போனது. இரண்டாம் பக்கம், சொத்து விவரம் வந்ததும் புருவம் தூக்கினார். பிறகு சிரித்தார். சின்னச் சிரிப்பில்லை. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்க்கும் சிரிப்பு.

"இது எங்கப்பா எழுதினதில்லைங்க."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் மச்சான்.

"தப்பே இல்லையே."

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இவ்வளவு அவசரமாக அவர் அதை மாட்டி நான் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று என் கல்யாணம்.

"இந்த அக்காவோட மத்த பத்திரம் எல்லாம் இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மாள். அக்கா கைப்பையிலிருந்து இரண்டு பத்திரங்களை எடுத்தார். ஒன்று முப்பது வருடத்துக்கு முன் அப்பா வீட்டை வாங்கியது. இன்னொன்று எட்டு வருடத்துக்கு முன் அப்பா மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தது. இரண்டும் அதே மேஜையில், அதே எழுத்தர் கையால் எழுதப்பட்டவை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"நாலு எல்லையைப் படிங்க."

நான் படித்தேன். முப்பது வருடப் பத்திரம்: கிழக்கே பள்ளிக்கூடச் சுவர், மேற்கே தச்சர் வீடு, வடக்கே வாய்க்கால், தெற்கே தெரு. எட்டு வருடப் பத்திரம்: அதேதான், எழுத்து மாறாமல்.

"அக்கா, உங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம்?" என்றார் மச்சான்.

"வடக்கு. தெருவைப் பாத்து." அக்கா நிறுத்தினார். "வாய்க்கால் பின்னாடிதான் இருக்கு. தெக்கால."

"அப்ப முப்பது வருஷமா உங்க பத்திரத்துல உங்க வீடு தலைகீழா நிக்குது."

"நின்னா என்னங்க," என்றார் எழுத்தர் மகள். "இன்னும் பழைய மூலப்பத்திரம் எழுதினவர் யாரோ, வடக்கு தெற்கை மாத்திப் போட்டுட்டார். எங்கப்பா அதைப் பார்த்து எழுதினார். தப்புன்னு அவருக்குத் தெரியும். திருத்த மாட்டார். ஏன்னா திருத்தினா முந்தைய பத்திரத்தோட ஒத்துப்போகாது, ஒத்துப்போகலன்னா வில்லங்கம். பக்கத்து வீட்டுக்காரர் செத்து மூணு தலைமுறை ஆகியிருக்கும், எங்க பத்திரத்துல அவர் உயிரோடதான் இருப்பார். இந்த ஊரையே தூக்கி அந்தப் பக்கம் வச்சாலும் நாங்க எல்லையை மாத்த மாட்டோம். நல்ல பத்திரம்னா தப்பு அப்படியே இருக்கணும்."

கம்பெனிப் பத்திரத்தைத் தட்டினார். "இதுல பாருங்க. வடக்கே தெரு, தெற்கே வாய்க்கால். அப்படியே சரியா இருக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி தப்பா எழுதின எங்கப்பா, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி திடீர்னு திருந்தி, எட்டு வருஷத்துக்கு முன்னாடி மறுபடியும் கெட்டுப்போனாரா? எழுதினவன் மூலத்தைப் பார்க்கல. நேரா வீட்டுக்குப் போய் நின்னு பார்த்து எழுதியிருக்கான். யோக்கியன்."

உண்மையை எழுதி மாட்டிக்கொண்ட மோசடிக்காரனை என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறேன். எனக்கு அவன்மேல் கொஞ்சம் மதிப்பே வந்துவிட்டது.

"முரண் கிடைச்சாச்சு," என்று எழுந்தேன். "வாங்க, கவுண்டருக்குப் போவோம்."

"உக்காருங்க மாப்பிள்ளை. மணி ரெண்டேகால்தான் ஆகுது." மச்சான் எல்லோருக்கும் டீ சொன்னார். அது நல்ல அறிகுறியில்லை. அவர் செலவு செய்தால் யாருக்கோ கேடு. "அஞ்சு நிமிஷம் ஒரு விளையாட்டு. இந்தக் கொட்டகைக்கு நாலு எல்லை சொல்லுங்க. மாப்பிள்ளை, நீங்க."

"பின்னாடி மதில், முன்னாடி ரோடு, இந்தப் பக்கம் டீக்கடை, அந்தப் பக்கம் என் வண்டி."

"நன்றி. வண்டியை எடுத்துட்டா கொட்டகை காணாமப் போயிரும். அம்மா, நீங்க?"

எழுத்தர் மகள் யோசிக்கவேயில்லை. "கிழக்கே டீக்கடை, மேற்கே ஜெராக்ஸ் கடை, வடக்கே ரோடு, தெற்கே மதில்."

"அக்கா?"

"ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துல," என்றார் அக்கா.

"தம்பி, நீங்க?"

தம்பி டீ டம்ளரை வைத்துவிட்டு, சுட்டுவிரலை மேஜையின் மேல் விளிம்பில் வைத்தார். "வடக்கே ரோடு," என்று தொடங்கி விரலை வலப்பக்கம் நகர்த்தினார். "கிழக்கே டீக்கடை." கீழே. "தெற்கே மதில்." இடப்பக்கம். "மேற்கே..."

விரல் நின்றது.

மச்சான் கம்பெனிப் பத்திரத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். நான் எட்டிப் படித்தேன். வடக்கே தெரு, கிழக்கே பள்ளிக்கூடச் சுவர், தெற்கே வாய்க்கால், மேற்கே தச்சர் வீடு. கடிகார முள் போலச் சுற்றி வந்தது.

"பத்திரம் எழுதறவங்க கிழக்கு மேற்குன்னு எதிரும் புதிருமா சொல்லுவாங்க," என்றார் மச்சான். "நம்மள மாதிரி ஆளுங்க முன்னாடி பின்னாடின்னு சொல்லுவோம். வடக்கை மேல வச்சு ஒரு சுத்து வர்றவங்க பிளான் போடறவங்க மட்டும்தான். தப்பா ஒரு கோடு கூடப் போட வராத கை, தம்பி, உங்களுது. கொஞ்சம் மோசமான தொழிலாளியா இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க."

தம்பியின் முகம் என்னைப் பார்த்தது, எழுத்தர் மகளைப் பார்த்தது, மேஜையைப் பார்த்தது. அக்காவை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. காலையில் இவருக்காக என் தொண்டை அடைத்ததை நினைத்தேன். தொண்டைக்கு ஒரு விசாரணை வைக்க வேண்டும்.

"எட்டு மாடிக்கா," என்றார் கடைசியில். "இத்தனை வருஷமா நான் போட்டது என்ன? காம்பவுண்டுச் சுவரு. கக்கூஸு. மாடிப்படிக்கு மேல தகரக் கூரை. எட்டு மாடி, என் பேர் போட்டு வர்ற முதல் பிளான். இடம் வாங்கிக் குடுத்தா வேலை உனக்குன்னு கம்பெனியில சொன்னாங்க. மூணாவது மாடியில உனக்கு ஒரு வீடு ஒதுக்கியிருக்கேன். கீழ உன் கடைக்கு இடம் போட்டிருக்கேன். நாலு மிஷின் வைக்கலாம். தண்ணி போறதுக்கு வாட்டம்கூடக் கணக்குப் பண்ணிருக்கேன்."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்," என்றார் அக்கா.

"அதான்," என்றார் தம்பி. அந்த ஒரு சொல்லில் அவர் கட்டி வைத்திருந்த எட்டு மாடியும் உட்கார்ந்துவிட்டது.

எழுத்தர் மகள், இது தன் தகப்பனார் எழுத்தல்ல என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பாவைத் தப்பே செய்யாதவர் என்று சொல்லிவிட்டார்களே என்ற ஆத்திரம் அந்த எழுத்தில் இருந்தது.

*

மூன்று ஐம்பது. மூன்றாம் எண் கவுண்டர். எங்களுக்கு முன்னால் வரிசையில் பதினாறு பேர் இருந்ததை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. அவர்களில் ஆறு பேர் என்னைத் திட்டினார்கள், ஒருவர் தள்ளினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கவுண்டர் எழுத்தர் மூன்று பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"கம்பெனிப் பத்திரம் சரியாத்தானே இருக்கு. உங்க ரெண்டும்தான் தப்பு."

"ஆமா," என்றார் மச்சான்.

"தப்பான பத்திரத்தை வச்சுக்கிட்டு சரியான பத்திரத்தை ஆட்சேபிக்கறீங்களா?"

"உங்க விதியை இன்னொரு தடவை படிங்க சார். முரண் இருக்கணும்னு போட்டிருக்கு. எது சரின்னு பார்க்கணும்னு எங்கயும் போடல. நீங்கல்லாம் யோசிச்சுத்தானே எழுதியிருப்பீங்க."

எழுத்தர் விதியைப் படித்தார். எது சரி என்று பார்க்கச் சொல்லும் வார்த்தையைத் தேடி இரண்டாம் தடவையும் படித்தார். சட்டத்தில் அப்படி ஒரு ஆடம்பரம் இல்லை. மூன்று ஐம்பத்தாறுக்கு மனுத் தாளை ஓட்டை வழியாகத் தள்ளினார். "ஏழாவது கட்டத்தையும் நிரப்புங்க."

ஏழாவது கட்டம்: மோசடி செய்தவராகச் சந்தேகிக்கப்படுபவர்.

அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி நாலு அடி தள்ளி, தூணை ஒட்டி நின்றார். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அக்கா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டார். ஏழாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். நேர்க்கோடுகூட இல்லை. தாளை உள்ளே தள்ளினார்.

முத்திரை விழுந்தது. மூன்று ஐம்பத்தெட்டு.

மச்சான் அந்தக் கோட்டைப் பார்த்தார். காலையில் நான் செய்து வைத்ததற்குத் தன் வீட்டுக்குத் தானே ஆட்சேபம் போட, இனி கணினியை நம்பாமல், வரிசையின் கடைசியில் போய் நின்றார். நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அதைப் பற்றி அடுத்த தொண்ணூறு நாளும் வீட்டில் பேச்சு இருக்கும்.

தம்பி தூணிலிருந்து விலகி இரண்டு அடி வந்தார். "அக்கா" என்றார். அக்கா திரும்பவில்லை. தம்பி படியிறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக வாசலைத் தாண்டிப் போனார். அவர் தலை மறைகிற வரைக்கும் அக்கா பத்திரங்களை மடித்துக்கொண்டே இருந்தார். இரண்டு பத்திரத்தை மடிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

வராந்தா பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து நான் கேட்ட எதற்கும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. கவுண்டர்காரர் சொல்லவில்லை, மச்சான் எப்போதும் சொன்னதில்லை, கணினி பூங்கொத்து கொடுத்தது. இன்னொரு தடவை கேட்டால் என்ன குறைந்துவிடப்போகிறது?

"அக்கா, நோட்டீஸ் வந்த அன்னைக்கே எங்ககிட்ட வந்திருந்தா இவ்வளவு ஓட்டம் இல்ல. உண்மையைச் சொல்லுங்க. ஏன் கடைசி நாள் வரைக்கும் சும்மா இருந்தீங்க?"

அக்கா பத்திரங்களைக் கைப்பையில் வைத்து மூடினார். இந்தத் தடவை எதையும் தேடவில்லை.

"நோட்டீஸ்லயே நாலு எல்லையும் போட்டிருந்துச்சு சார். அவன் சின்ன வயசுல இருந்தே அப்படித்தான் சொல்லுவான், விரலைச் சுத்திச் சுத்தி. படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. அவனே வந்து அந்தக் கம்பெனி மனுவைத் திரும்ப வாங்கிருவான்னு தெனம் பாத்தேன். நேத்து வரைக்கும் பாத்தேன். அவன் வாங்கல."